பழுதாகும் முன்பே மாற்றலாமா?

கூரையை மடித்து டிக்கிக்குள் வைத்துக்கொள்ளும் கார்களை நம்மில் பலர் திரைப்படங்களில்தான் பார்த்திருப்போம். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். டிக்கியின் மூடி பின்பக்கமாகத் திறக்கிறது. கூரை மெல்ல எழும்பி, மடிந்து, உள்ளே இறங்குகிறது. மூடி மறுபடியும் சாத்திக்கொள்கிறது. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தின் நடுவில் இயக்கம் நின்றுவிட்டால் நிலைமை வேறு. கூரை பாதி வானத்தில் நிற்கும். டிக்கி திறந்து கிடக்கும். காரைப் பூட்டிவிட்டுப் போக முடியாது; வேகமாக ஓட்டிச் செல்லவும் முடியாது. மழை வந்துவிட்டால் இருக்கைகளும் மின்கருவிகளும் நனையும்.

இப்படி நின்றுபோன கூரையைப் பழுதுபார்ப்பவர் பல சமயங்களில் மோட்டாரையோ கூரையின் இரும்புச் சட்டங்களையோ குறை சொல்வதில்லை. பின்னிருக்கைக்கு அடியிலோ டிக்கியின் பக்கவாட்டு உறைக்குள்ளோ இருந்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டியை எடுத்துக் காட்டுகிறார். அதன் பெயர் ரிலே. பொதுவான வகை ரிலேயின் விலை சில நூறு ரூபாய்தான். அதை எட்டுவதற்காக உறைகளையும் இருக்கையையும் கழற்றிப் பூட்டும் கூலியோ பல மடங்கு.

அப்படியானால் அவற்றைக் கெட்டுப்போகும் முன்பே மொத்தமாக மாற்றிவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை என்கிறார்கள் மற்றவர்கள். வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சிக்கலாக இது தோன்றலாம். ஆனால், மின்தூக்கியைப் பராமரிப்பவரும், மருத்துவமனையின் ஜெனரேட்டரைப் பராமரிப்பவரும், ரயில்வே சமிக்ஞைகளைப் பராமரிப்பவரும் நாள்தோறும் எதிர்கொள்வது இதே கேள்வியைத்தான். விடை காண மடியும் கூரை ஒரு நல்ல பாடம்.

சிறியது பெரியதை ஆளும் விதம்

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். உள்ளே இரும்புத் துண்டைச் சுற்றிய ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதில் சிறிய மின்னோட்டம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி, அருகிலுள்ள ஒரு தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியிலுள்ள உலோகத் தொடுமுனை இன்னொரு தொடுமுனையைத் தொடும். பெரிய மின்னோட்டத்துக்கான வழி திறக்கும். சுருளில் மின்சாரம் நின்றதும் ஒரு வில்கம்பி தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். பழைய வாகனங்களில் இண்டிகேட்டர் போட்டால் கேட்கும் 'டிக் டிக்' ஓசை இத்தகைய தகட்டின் ஓசைதான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'டக்' என்று விழுவதும் ரிலேயின் பெரிய உறவினர்தான்.

காரில் பயன்படும் 12 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ ஓர் ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. அதன் தொடுமுனைகளோ 30, 40 ஆம்பியரைக் கடத்துகின்றன. விரலால் அழுத்தும் மெல்லிய பொத்தானுக்கும் கூரையைத் தூக்கும் பலமான மோட்டாருக்கும் இடையே நிற்கும் தரகர் என்று அதைச் சொல்லலாம்.

அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835-இல் இதன் ஆதி வடிவத்தைப் பயன்படுத்தினார். தந்தித் துறையே இதை உலகெங்கும் கொண்டுசென்றது. நெடுந்தொலைவு சென்று வலுவிழந்த சமிக்ஞை, வழியிலுள்ள ரிலேயை மட்டும் அசைக்கும். ரிலே புதிய மின்கலத்தின் வலுவோடு அதே சமிக்ஞையை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். களைத்த குதிரையை விட்டுவிட்டு, புத்துணர்ச்சியுள்ள குதிரையில் ஏறிப் பயணத்தைத் தொடரும் பழைய அஞ்சல் முறையிலிருந்தே இந்தப் பெயர் வந்தது.

பத்து ரிலேக்களும் ஒரு கூரையும்

இயந்திர விசையால் கூரையை மடிக்கும் ஆசை கார்களுக்குப் புதிதன்று. பிரான்ஸ் நாட்டின் பல் மருத்துவரும் கார் வடிவமைப்பாளருமான ஜார்ஜ் போலான் உருவாக்கிய முறையைக் கொண்டு, 1934-இல் பெஜோ நிறுவனம் 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் உலோகக் கூரை மடியும் கார்களை விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் மின் மோட்டார் கூரையை நகர்த்தியது. பின்னர் 402 எக்லிப்ஸில் கையால் இயக்கும் முறைக்கே நிறுவனம் திரும்பியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து இரகசியமாகப் பணியாற்றிய போலான், 1942-இல் நாஜிக்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். அமெரிக்காவில் 1939-இல் பிளிமத் நிறுவனம் துணிக்கூரையை வெற்றிட விசையால் இயக்கிக் காட்டியது.

ரிலேக்களின் உண்மையான சோதனைக்களம் ஃபோர்டு நிறுவனத்தின் 'ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர்'. 1957 முதல் 1959 வரை மூன்று ஆண்டுகள் மட்டுமே இது தயாரிக்கப்பட்டது. மொத்தம் 48,394 கார்கள். முதலாண்டு விலை 2,942 டாலர். முழு உலோகக் கூரை, ஆறு பேர் அமரும் பெரிய கார். கூரை டிக்கிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் முன்பகுதி தனியே மடிந்துகொள்ளும்.

இதற்காகக் காருக்குள் ஏறத்தாழ 600 அடி நீளத்துக்கு மின்கம்பி ஓடியது. 10 ரிலேக்கள், 10 லிமிட் சுவிட்சுகள், 8 சர்க்யூட் பிரேக்கர்கள், இவற்றுக்குக் கட்டுப்பட்ட பல மோட்டார்கள் இருந்தன. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் கூரை அசையாதபடி ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது. அன்று கார்களில் கணினி கிடையாது. ஒரு வேலை முடிந்ததா என்பதை லிமிட் சுவிட்ச் சொல்லும். அதைக் கேட்டு ஒரு ரிலே அடுத்த மோட்டாரை இயக்கும். டிக்கி முழுதாகத் திறந்தால்தான் கூரையின் பூட்டு விடுபடும்; பூட்டு விடுபட்டால்தான் கூரை எழும்பும்; கூரை இறங்கினால்தான் டிக்கி மூடும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் கொடுக்கும் தொடரோட்டம் போன்றது இது. நடுவில் ஒருவர் தவறினால், கூரை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நிற்கும்.

1996-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 'எஸ்.எல்.கே.' காரின் வழியாக உலோக மடிகூரை மீண்டும் பரவலாயிற்று. பிந்தைய கார்களில் முடிவெடுக்கும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. மோட்டாருக்கோ ஹைட்ராலிக் பம்புக்கோ பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் வேலை பல கார்களில் ரிலேயிடமே நீடித்தது. பொதுவான அமைப்பில், ஒரு மோட்டாருக்கு இரண்டு ரிலேக்கள். ஒன்று இயங்கினால் கூரை திறக்கும். மற்றது இயங்கினால் மூடும்.

வெள்ளி ஏன் கறுக்கிறது?

ரிலேயின் தொடுமுனைகள் பெரும்பாலும் வெள்ளிக் கலவையால் ஆனவை. வெள்ளி சிறந்த மின்கடத்தி என்பது அதன் பெருமை. வீட்டிலுள்ள வெள்ளிக் கொலுசும் விளக்கும் கறுத்துப்போவதை நாம் அறிவோம்; காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை அது. மாதக்கணக்கில் கூரையைத் திறக்காமல் நிறுத்திவைக்கப்பட்ட காரில் தொடுமுனைகளுக்கும் இதே கதி நேரலாம்.

அதைவிடப் பெரிய சேதம் மின்பொறியால் நேர்கிறது. தொடுமுனைகள் பிரியும் கணத்தில் மின்னோட்டம் உடனே நின்றுவிடுவதில்லை. மோட்டார் போன்ற சுருள் உடைய கருவிகள் அதைத் தொடரச் செய்யவே முயலும். இடைவெளியில் ஒரு பொறி பாய்ந்து, உலோகத்தின் மேற்பரப்பைச் சற்றே உருக்கும். நேர்மின்னோட்டத்தில் பொறி ஒரே திசையில் பாய்வதால், ஒரு முனையில் குழி விழுந்து மறுமுனையில் மேடு வளரும். சேரும்போதும் ஆபத்து உண்டு. மோட்டார் புறப்படும் கணத்தில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு. அதே கணத்தில் தொடுமுனைகள் ஒன்றன்மீது ஒன்று மோதித் துள்ளுவதால், ஒரு சேர்க்கைக்குள்ளேயே பலமுறை பொறி பறக்கும்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். நல்ல தொடுமுனையின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அது கருகி, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்காக உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் பாயும்போது அங்கே ஒன்றரை வோல்ட் வீணாகும். 45 வாட் வெப்பம் உண்டாகும். ஈயப் பற்றவைப்புக்குப் பயன்படும் சிறிய கருவியின் வெப்பத்தை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்ததற்கு இது சமம். பிளாஸ்டிக் உறை நிறம் மாறுவதும், சாக்கெட் இளகுவதும் இதனால்தான்.

ரிலே இரண்டு விதமாகச் சாகிறது. தொடுமுனை கருகி மின்சாரத்தைக் கடத்த மறுத்தால், கூரை நடுவில் நிற்கும். இது தொல்லை. தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பொத்தானை விட்ட பிறகும் மோட்டார் ஓடும். லிமிட் சுவிட்ச் 'நில்' என்று சொன்னாலும் நிற்காது. ஃபியூஸோ சர்க்யூட் பிரேக்கரோ துண்டிக்கும்வரை சட்டங்கள் வளையலாம், கண்ணாடி நொறுங்கலாம், இடையில் விரல் இருந்தால் நசுங்கலாம். இது ஆபத்து. முன்கூட்டியே மாற்றுவதற்கு ஆதரவான வலுவான வாதம் இந்த இரண்டாவது வகைச் சாவுதான்.

ஆயுளை எதனால் அளப்பது?

கார் ரிலேக்களின் தயாரிப்புக் குறிப்புகளில், குறிப்பிட்ட மின்சுமையில் ஒரு லட்சம் முறை இயங்கும் என்பது போன்ற கணக்குகளைப் பரவலாகக் காணலாம். ஒருவர் ஆண்டுக்கு 200 நாள்கள் கூரையை ஒருமுறை திறந்து ஒருமுறை மூடினால், 400 இயக்கங்கள். ஒரு லட்சத்தை எட்ட 250 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கை நம்பினால் எந்த ரிலேயையும் மாற்ற வேண்டியதே இல்லை. ஆயினும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அவை கெடுகின்றன.

காரணம், ரிலேயின் ஆயுளைத் தீர்மானிப்பது எண்ணிக்கை மட்டுமன்று. கூரை இறுதி நிலையை அடைந்து மோட்டார் சுழல முடியாமல் முக்கும்போது மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. அந்தச் சுமையில் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சாதாரண இயக்கங்கள் பலவற்றுக்குச் சமமான தேய்மானம். உயவு வறண்ட மூட்டுகளும், குறைந்துபோன ஹைட்ராலிக் எண்ணெயும் மோட்டாரை அதிகம் உழைக்கவைத்து ரிலேயின் மீது பாரத்தை ஏற்றுகின்றன. மழைநீர் வடியும் துளைகள் இலைகளாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டால், நீர் ரிலேக்கள் இருக்கும் இடத்தில் தேங்கி அரிப்பை உண்டாக்குகிறது.

எல்லாவற்றையும்விடக் கொடியது வலுவிழந்த பேட்டரி. மோட்டார் புறப்பட்டதும் மின்னழுத்தம் சரிகிறது. சுருளின் காந்தம் வலுவிழந்து தகட்டை விட்டுவிடுகிறது. மோட்டார் நின்றதும் மின்னழுத்தம் உயர்ந்து தகடு மீண்டும் ஒட்டுகிறது. இப்படி நொடிக்குப் பலமுறை படபடக்கும் ரிலே, பல ஆண்டுத் தேய்மானத்தைச் சில நொடிகளில் சந்தித்துவிடும். ஆகவே கெட்டுப்போன ரிலே பல சமயங்களில் நோயின் அறிகுறி மட்டுமே. காரணத்தைக் களையாமல் பொருத்தப்படும் புதிய ரிலேயும் அதே வழியில்தான் போகும்.

விமானங்கள் கற்பித்த பாடம்

பழுதாகும் முன்பே மாற்றுவது எப்போதும் நன்மையே என்ற நம்பிக்கையை முதலில் உலுக்கியவர் ஓர் உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் ஆய்வுப் பணியாற்றிய சி.எச்.வாடிங்டன், விமானங்களின் பழுதுப் பதிவேடுகளை ஆராய்ந்தார். குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் செய்யப்படும் வழக்கமான பராமரிப்புக்குப் பிறகு பழுதுகள் குறைய வேண்டும். பதிவேடு காட்டியது இதற்கு நேர்மாறு. பராமரிப்பு முடிந்த கையோடு பழுதுகள் கூடின. அடுத்த பராமரிப்பு நெருங்க நெருங்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைப் பிரித்துப் பூட்டியதே பழுதுக்கு வழிவகுத்தது. இரகசியம் காக்கப்பட்ட அந்த அனுபவங்கள் 1973-இல்தான் நூலாக வெளிவந்தன.

1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்டு ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காகத் தயாரித்த அறிக்கை இந்தச் சிந்தனைக்கு இலக்கணம் வகுத்தது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் வாய்ப்பு கூடும் தன்மையைக் காட்டின. எஞ்சிய 89 விழுக்காட்டுப் பாகங்களை 'இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்று' என்ற விதியால் காப்பாற்ற இயலாது. மொத்தப் பாகங்களில் 68 விழுக்காடு, பொருத்தப்பட்ட புதிதில்தான் அதிகம் பழுதாயின. தொடக்க காலத்தைத் தாண்டியவை நிலைத்து நின்றன. அத்தகைய பாகத்தை நன்றாக ஓடும்போது கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது, தேறிய மாணவனை அனுப்பிவிட்டுத் தேர்வே எழுதாதவனை அமர்த்துவது போலாகும்.

ரிலே இவற்றில் எந்த வகை? தொடுமுனைகள் தேயக்கூடியவை என்பதால், பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ரிலே அந்தச் சிறுபான்மைப் பாகங்களோடு சேரத்தக்கது. சிறிய சுமையைக் கையாளும் ரிலேக்கும், மின்பலகையில் பற்றவைக்கப்பட்டு நன்றாக இயங்கும் ரிலேக்கும் அதே விதி பொருந்தாது. 'எல்லா ரிலேக்களையும் மாற்று' என்பதும் 'எதையும் தொடாதே' என்பதும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன.

மாற்றும் கையின் பிழை

நௌலனும் ஹீப்பும் பேசியது பாகங்களைப் பற்றி. பாகத்தை மாற்றும் கையும் பிழைசெய்யும் என்பதை நாம் மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்திருக்கிறோம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநகா பஜார் நிலையத்தில், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில், பிரதான பாதைக்கான பச்சை விளக்கைக் கண்டு வந்து, சரக்கு ரயில் நின்றிருந்த பக்கவழிப் பாதையில் திரும்பி மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமிக்ஞை மின்சுற்றில் முன்னர் செய்யப்பட்ட மாற்றத்திலும், ரயில்வே கேட்டின் மின் தடுப்புக்கம்பத்தை மாற்றும் பணியின்போதும் நேர்ந்த குறைபாடுகளே விபத்துக்குக் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டதை அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ரயில்வே சமிக்ஞை ரிலேக்கள் காரில் இருப்பவற்றைவிட மிகுந்த எச்சரிக்கையோடு வடிவமைக்கப்படுபவை. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒருபுறம் உலோகமும் மறுபுறம் கரியும் வைக்கும் முறை உண்டு. மின்சாரம் நின்றால் பாதுகாப்பான நிலைக்கே திரும்பும்படி அமைப்பு இருக்கும். அத்தனை பாதுகாப்புகளையும் ஒரு தவறான கம்பி இணைப்பு பயனற்றதாக்கிவிட முடியும். ஒரு காரின் கூரையையும் ஒரு பெருந்துயரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால், இரண்டுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. மாற்றுவதற்கு முன் எது எங்கே இணைந்திருந்தது என்பது பதிவாக வேண்டும். மாற்றிய பின், எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பாமல், முழுமையாகச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத பராமரிப்பு, பழுதைத் தடுக்கும் முயற்சி என்ற பெயரில் பழுதை விதைப்பதாகும்.

எப்படிச் செய்வது?

கார்க்கூரைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், முதற்பணி ரிலேயை வாங்குவதன்று. பேட்டரியின் நிலை, எர்த் இணைப்புகள், வடிகால் துளைகள், மூட்டுகளின் உயவு, ஹைட்ராலிக் எண்ணெயின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பதே முதற்பணி. அடுத்தது அளவீடு. கூரை நகரும்போது ரிலேயின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், நல்ல ரிலே வோல்ட்டில் ஒரு சிறு பங்கையே விழுங்கும். அது அரை வோல்ட்டை நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரே வகையான இரண்டு ரிலேக்கள் இருந்தால் அவற்றை இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுதும் கூடவே இடம் மாறினால் ரிலேதான் குற்றவாளி. மாறாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

முன்கூட்டியே மாற்றுவதற்கு நான்கு தருணங்கள் பொருத்தமானவை. மோட்டாரையோ பம்பையோ நேரடியாக இயக்கும் ரிலேயின் உறையில் வெப்பத்தின் தடயம் தெரியும்போது, அளவீடு எச்சரிக்கும்போது, ஒரே வயதும் ஒரே சுமையும் உள்ள இணை ரிலேக்களில் ஒன்று ஏற்கெனவே கெட்டுவிட்டபோது, வேறு வேலைக்காக உறைகள் எப்படியும் கழற்றப்பட்டு, பழைய ரிலேக்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது. கடைசித் தருணத்தில் கூலி மிச்சமாவதால், சில நூறு ரூபாய்ச் செலவு நியாயமாகிவிடுகிறது.

புதிய ரிலே வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தால் போதாது. அடியிலுள்ள முனைகளின் எண்களைப் பார்க்க வேண்டும். 85, 86 சுருளுக்கானவை. 30 மின்சாரம் நுழையும் பொது முனை. 87 இயங்கும்போது இணைவது. 87ஏ ஓய்வில் இணைந்திருப்பது. கூரை மோட்டாரின் திசையை மாற்றும் சுற்றுகளில் 87ஏ முனையும் வேலை செய்வதால், அது இல்லாத ரிலே பயன்படாது. சில ரிலேக்களில் சுருளோடு டயோடு இணைந்திருக்கும். அதன் திசை மாறினால் ரிலேயை இயக்கும் கணினிப் பெட்டியே கெடலாம். 40 ஆம்பியர் என்று மேலே அச்சிட்டிருக்கும் மலிவான போலிகள், உள்ளே அதற்குரிய வெள்ளியைக் கொண்டிருப்பதில்லை. கருகிய சாக்கெட்டில் புதிய ரிலேயைச் செருகினால், தளர்ந்த பிடியின் வெப்பம் அதையும் எரிக்கும். எனவே சாக்கெட்டும் சோதனைக்கு உரியது.

வேலையைத் தொடங்கும் முன் படம் எடுத்துக்கொண்டு, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பாதி திறந்த கூரைக்கு முட்டுக்கொடுக்காமல் கையை உள்ளே விடக் கூடாது. ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கினால் கூரையும் இறங்கும். முடிந்ததும் எஞ்சினை இயக்கி, முழுச் சுற்றாக இரண்டு, மூன்று முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் கூரையைக் கையால் மூடும் முறை பெரும்பாலான கார்களின் கையேட்டில் உண்டு. அதை ஒருமுறை பழகி வைத்திருப்பது எந்தப் புதிய ரிலேயையும்விடப் பெரிய காப்பு. கழற்றிய ரிலேக்களில் நல்லதாக அளவிடப்பட்டதைக் காரிலேயே உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

அறுபது ஆண்டுகளைக் கடந்த ஸ்கைலைனர் போன்ற கார்களில் கணக்கு இன்னும் நுட்பமானது. அசல் பாகங்கள் அரிது. புதிதாகச் செய்யப்படும் மாற்றுப் பாகங்களின் தரம் ஒன்றுபோல் இராது. அங்கே, அளவீட்டில் தேறிய அசல் ரிலேயைச் சுத்தம் செய்து அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மாற்றுப் பாகத்தைக் கையிருப்பில் வைத்திருப்பதே விவேகம்.

பராமரிப்பு என்பது ஒரு தீர்ப்பு

நம் ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு வகையான விடைகளே கிடைக்கின்றன. கெட்டுப்போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம் ஒன்று. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக, நன்றாக ஓடுவதையும் பிரித்துப் பூட்டும் சடங்கு மற்றொன்று. முன்னது மழையில் பாதி திறந்த கூரையில் முடிகிறது. பின்னது, நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற திகைப்பில் முடிகிறது.

இது தேயும் பாகமா, பழுதானால் இழப்பு என்ன, முன்னறிவிக்கும் அளவீடு உண்டா, மாற்றும் கை தேர்ந்ததா, மாற்றியதைச் சோதிக்க வழி உண்டா என்று ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது எளிய பழக்கம்தான். அடுக்ககத்தின் மின்தூக்கிக்கும் அறுவை அரங்கின் ஜெனரேட்டருக்கும் அதே ஐந்து கேள்விகள் போதும். பொறுப்பில் இருப்பவர்கள் அவற்றைக் கேட்கிறார்களா, பதில்களை எழுதி வைக்கிறார்களா என்று பார்ப்பது, அந்த இயந்திரங்களை நம்பி வாழும் நம் ஒவ்வொருவரின் கடமை.